கோத்தகிரி: அத்தையோடு ஐந்து நாள்

நாள் 1

மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் பார்க்கிறவர்கள் எல்லாம் "ரயிலுக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். ரயிலுக்கு இல்லை. அது குன்னூர் வழியாக உதகைக்குப் போவது. எங்களுக்கு வேண்டியது கோத்தகிரி பேருந்து. மேட்டுப்பாளையம் தாண்டியதும் இரண்டு சாலையும் பிரிந்துவிடும். 33 கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்றம் என்பதால் ஒன்றரை மணி நேரம் போல ஆகிவிடுகிறது.

இந்தப் பயணம் அத்தைக்காக. அறுபத்தேழு வயது, இடது முழங்காலில் வலி, மொட்டை மாடியில் எழுபது தொட்டி. "ஒரு நல்ல தோட்டத்தைப் பார்க்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிக் கிளம்பினார். எனக்கு நடக்க வேண்டும், அவருக்குச் செடி பார்க்க வேண்டும். இரண்டும் நடக்கிற ஊராகத் தேடியதில் உதகை வேண்டாம் என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. சொந்த வண்டியில் வருகிறவர்கள் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவு. அரசுப் பேருந்தில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை.

குஞ்சப்பனை வரை பாக்கும் பலாவுமாக வருகிறது. பலா பழுக்கிற மாதங்களில் இந்தச் சாலையில் யானை நிற்கும் என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். இது நவம்பர் கடைசி, பழமும் இல்லை, யானையும் இல்லை. சோதனைச் சாவடியில் ஒருவர் ஏறிப் பைகளைப் பார்த்தார். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை, தண்ணீர் பாட்டில் உட்பட. அத்தையின் பாட்டில் போயிற்று. அத்தை வருத்தப்படவில்லை. "எவர்சில்வர் டிபன் பாக்ஸைக் கேட்டிருந்தாத்தான் சண்டை போட்டிருப்பேன்" என்றார். அந்த டிபன் பாக்ஸை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அரவேணு தாண்டியதும் காது அடைத்து, விட்டது. பேருந்து ஜன்னலில் மூச்சு பட்டு வெள்ளையாகப் படிந்தது. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். இங்கே ஓர் ஆச்சரியம்: தென்மேற்குப் பருவமழையை தொட்டபெட்டா மலைத்தொடர் மறித்துக்கொள்வதால், உதகை நனைகிற அளவுக்கு அந்த மாதங்களில் கோத்தகிரி நனைவதில்லை. இவர்களுக்குப் பெரிய மழை இப்போதுதான், ஐப்பசி கார்த்திகையில். அதாவது நான் சரியாக மழைக்காலத்தைப் பார்த்து டிக்கெட் போட்டிருக்கிறேன்.

தங்கியிருப்பது டவுனில் இல்லை, மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு படுகர் ஹட்டியில். ஹட்டி என்றால் அவர்கள் மொழியில் ஊர். வீடுகள் தோள் உரசிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு நிறம். எங்கள் வீட்டுக்கார அம்மா சூடாகத் தேநீர் கொடுத்துவிட்டு முதலில் சொன்னது: "அஞ்சரைக்கு மேல வெளிய நடக்காதீங்கம்மா. கரடி வரும்."

அத்தை என்னைப் பார்த்தார். நான் தேநீரைப் பார்த்தேன்.

நாள் 2

காலையில் மழை இல்லை. கன்னேரிமுக்கு வரை நடந்து, அங்கே இருக்கும் சல்லிவன் பங்களாவைப் பார்த்துவிட்டு வருவது திட்டம். சாலை வழியாகப் போகலாம். வீட்டுக்கார அம்மா, "தோட்டத்துக்குள்ள இறங்குங்க, பாதி தூரம்தான்" என்றார்.

அந்தப் பாதையைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓர் ஆள் அகலத்தில், சரிவில் மண்ணை வெட்டிப் படியாக்கியிருக்கிறார்கள். படி வழுக்கும் இடங்களில் யாரோ ஒரு கல்லைப் பதித்திருக்கிறார்கள். நான் போனில் வைத்திருந்த வரைபடத்தில் இந்தப் பாதை இல்லவே இல்லை. எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் நான்கு பேர் மூச்சு வாங்காமல் ஏறி வந்தார்கள். பின்னால் ஒரு பெரியவர், தோளில் கேஸ் சிலிண்டர். நாங்கள் ஒதுங்கி, செடிக்குள் முதுகைச் சாய்த்து வழி விட்டோம்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து கேட்டார்: "எங்கக்கா போறீங்க?"

"சும்மா நடக்கிறோம்."

"சும்மாவா?"

அந்த 'சும்மாவா'வில் கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம்தான் இருந்தது. நான் காசு செலவழித்து இவ்வளவு தூரம் வந்து நடக்கிற பாதை அவருக்கு வேலைக்கு வருகிற வழி. மழையில் வழுக்குகிற வழி. பறித்த இலையை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு அவர் இதே படிகளில் ஏற வேண்டும்.

கையால் கிள்ளுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் கையில் இருந்தது கத்தரி, அதன் மேலேயே இலை விழுவதற்கு ஒரு பெட்டி பொருத்தியிருக்கிறது. இரண்டு இலை ஒரு கொழுந்து என்பதெல்லாம் நல்ல விலை கிடைக்கும் இடத்தில்தான் என்றார். பறிக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

அத்தை இதற்குள் முழங்காலை மறந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மேலே மேசை போல மட்டமாக, பச்சையாக இருக்கிற செடியின் அடியில் கையை விட்டு இலைகளை விலக்கினார். உள்ளே என் முன்னங்கை தடிமனில் ஒரு தண்டு. பாசி படிந்து, முறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கணு. "ஏண்டி, இது செடி இல்ல, மரம். வெட்டி வெட்டிக் குட்டையா வெச்சிருக்காங்க." கத்தரிப் பெண் சிரித்தார். "ஆமாங்கம்மா. கவாத்து பண்ணாம விட்டா ஏணி வெச்சுத்தான் பறிக்கணும்." வரப்போரம் விடுபட்டுப்போன ஒன்றைக் காட்டினார். பத்தடிக்கு மேல் நின்றது. உச்சியில் வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் கொத்து. தேயிலையின் பூவை நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருடம் தினம் மூன்று முறை குடிக்கிறேன்.

பங்களா சின்னது. ஜான் சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர், 1819-ல் மலையேறி இந்தப் பக்கம் வந்தவர். உதகை எல்லாம் அதற்குப் பிறகுதான். அவர் முதலில் வீடு கட்டியது இங்கே. இப்போது அது நீலகிரியின் பழைய படங்களும் ஆவணங்களும் உள்ள அருங்காட்சியகம். மலையில் உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோசும் பயிரானதற்கு அவர் பேரைத்தான் சொல்கிறார்கள். 1820-களில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குக் குதிரைப் பாதை போட்டதும் அவர் காலத்தில்தான். பாதை போட்டவர் என்று ஒருவர் பேர் நிற்கிறது. ஆனால் படுகர்களும் தோடர்களும் கோத்தர்களும் இருளர்களும் குறும்பர்களும் அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே இந்த மலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பேரிலேயே கோத்தர் இருக்கிறார்கள்: கோத்தர் கிரி. மண்பாண்டம், கொல்லு வேலை, இசை மூன்றும் அவர்கள் கையில் இருந்தது. மற்ற மக்கள் கத்திக்கும் பானைக்கும் அவர்களிடம்தான் வர வேண்டும். அப்படி வந்து போன வழிகளுக்கு யார் பேரும் இல்லை.

திரும்பும்போதுதான் அது நடந்தது. நாங்கள் வந்த படியைத் தவறவிட்டு அடுத்த பாத்திக்குள் இறங்கிவிட்டோம். அத்தை சட்டென்று நின்று என் கையைப் பிடித்தார். இருபதடி தூரத்தில், தேயிலைப் பச்சைக்கு மேலே ஒரு கரும்பழுப்பு முதுகு. பாறை என்று நினைத்தேன். பாறை காதை ஆட்டியது. பிறகு இரண்டடி நகர்ந்தது, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோலத் தெரிந்தது. காட்டெருமை. அதற்கு எங்கள் மேல் அக்கறை இல்லை. பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் விட்டுவிட்டு மேய்ந்துகொண்டே இருந்தது. நாங்கள் முதுகைத் திருப்பாமல், பின்னோக்கி, ஒரு படி, இன்னொரு படி. மேலே சாலைக்கு வந்ததும் அத்தை சொன்னார்: "முழங்கால் வலியே தெரியலை."

வீட்டுக்கார அம்மாவிடம் இதை ஏதோ பெரிய சாகசம்போலச் சொன்னேன். "அது அங்கதான் நிக்கும்" என்றார், பக்கத்து வீட்டுப் பசுவைப் பற்றிச் சொல்கிற மாதிரி. இரவு ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

நாள் 3

நேற்று ராத்திரி முழுக்க மழை. இன்று லாங்வுட் சோலை. வனத்துறை அனுமதியோடுதான் போக முடியும். எங்களோடு ஒரு காவலர் வந்தார், இளைஞர், குறைவாகப் பேசுகிறவர்.

போகும் வழியில் அத்தை கேட்டார்: "சோலைன்னா தோட்டம்தானே? பூஞ்சோலைன்னு சொல்றோமே."

நல்ல கேள்வி. நாம் பேச்சில் சோலையைத் தோட்டமாக்கிவிட்டோம். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில், புல்வெளிக்கு நடுவே மடிப்பு மடிப்பான பள்ளங்களில் அடைந்து வளர்கிற குட்டைமரக் காட்டுக்கு, உலகத்துத் தாவரவியல் புத்தகங்கள் எல்லாம் வைத்திருக்கும் பேர் நம்முடைய இந்தச் சொல்தான். அந்தப் பேரை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், நாம் அதைப் பூங்காவுக்குக் கொடுத்துவிட்டோம்.

தேயிலையைத் தாண்டிக் காட்டுக்குள் கால் வைத்தது வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினதுபோல இருந்தது. வெளிச்சம் பாதியாகிவிட்டது. சத்தமும்தான்: சாலையின் ஹாரன் எங்கோ போயிற்று. மரங்கள் அதிக உயரமில்லை, ஆனால் ஒன்றும் நேராக இல்லை. ஒவ்வொரு கிளையும் பாசிக்கம்பளி சுற்றியிருக்கிறது, அதன்மேல் பெரணி, பெரணிக்கு நடுவே சின்னச் சின்ன ஆர்க்கிட். அத்தை எழுபது தொட்டியில் தனித்தனியாக வளர்ப்பதை ஒரே கிளை சுமந்துகொண்டு நிற்கிறது.

தரை மெத்தென்றிருந்தது. காவலர் குச்சியால் இலைச்சருகைக் கிளறினார். மேலே காய்ந்த இலை, அடுத்து ஈர இலை, அதற்கும் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, அப்புறம் கறுப்பாகக் காப்பித்தூள் மாதிரி ஒன்று. அதை ஒரு பிடி எடுத்து அத்தையின் உள்ளங்கையில் வைத்து, "பிழிங்கம்மா" என்றார். அத்தை பிழிந்தார். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகியது. ராத்திரி பெய்த மழை.

இந்தக் காடு மொத்தமே 116 ஹெக்டேர்தான். சுற்றி எல்லாப் பக்கமும் தேயிலையும் ஊரும். ஆனால் கீழே 18 கிராமங்களுக்கு இங்கிருந்துதான் தண்ணீர். 2024 ஜனவரியில் இதை ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். அது ஈரநிலங்களுக்கான உலகப் பட்டியல், ஏரியும் சதுப்பும்தான் அதில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு காடு எப்படி ஈரநிலமாகும் என்பதற்கு அத்தையின் கை பதில் சொல்லிவிட்டது.

"தொட்டிக்கு நான் தண்ணி ஊத்தறேன். இது ஊருக்கே ஊத்துது" என்றார் அத்தை. அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர் பேசவே இல்லை, எங்கள் குடும்பத்தில் யாரும் இதை நம்பப்போவதில்லை.

பறவைகளைப் பார்ப்பது கடினம், கேட்பது சுலபம். நீலகிரிச் சிரிப்பான் கூட்டமாகக் கத்தியது, பேருக்கு ஏற்ற மாதிரி யாரையோ பார்த்துச் சிரிக்கிற சத்தம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் 26 பறவையினங்களில் 14 இந்தத் துண்டுக் காட்டில் இருக்கின்றனவாம். நான் கண்ணால் பார்த்தது இரண்டு, அதில் ஒன்று வால் மட்டும். மலையணில் ஒன்று தலைக்கு மேல் கிளை விட்டுக் கிளை தாவியதில் எங்கள் மேல் ஒரு வாளித் தண்ணீர் கொட்டியது.

அட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்பைத் துணியில் முடிந்து எடுத்துப் போயிருந்தோம், கால் முழுக்கத் தேய்த்திருந்தோம். பிரயோஜனமில்லை. ஈரத்தில் உப்பு கரைந்துவிடுகிறது. வெளியே வந்து செருப்பைக் கழற்றினால் எனக்கு ஒன்பது. அத்தைக்கு ஒன்றுகூட இல்லை. "சர்க்கரை வியாதிக்காரி ரத்தம்னு தெரிஞ்சிருக்கும்" என்றார். சர்க்கரை இருந்தால் இன்னும் கூடுதலாகத்தானே கடிக்க வேண்டும் என்று கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை.

காட்டோரத்தில் காவலர் ஒரு செடியைக் காட்டி முகம் சுளித்தார். உண்ணிச்செடி. ஆரஞ்சும் மஞ்சளுமாக அழகாகப் பூத்திருந்தது. அழகுக்காகத் தோட்டத்தில் வைக்க வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தது, வேலி தாண்டி ஓடிக் காட்டை அடைக்கிறது. அத்தையிடம் வீட்டில் அதே செடி மூன்று தொட்டி இருக்கிறது. வாயைத் திறக்கவில்லை.

நாள் 4

தோட்டம் பார்க்க வந்தவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போக நான்காம் நாள்தான் வாய்த்தது. குன்னூர் சிம்ஸ் பூங்கா. கோத்தகிரியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம்.

1874-ல் உண்டானது. சென்னை அரசின் செயலராக இருந்த ஜே. டி. சிம் பேரில் இருக்கிறது, மேஜர் மர்ரி என்பவரும் சேர்ந்து உருவாக்கியது. மட்டமான புல்தரையும் பூப்பாத்தியும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இது ஒரு பள்ளத்தாக்கின் இரண்டு சரிவும் அடியும். 12 ஹெக்டேர். இருந்த காட்டு மரங்களில் பலவற்றை விட்டுவைத்து, அவற்றுக்கு நடுவே வேறு நாட்டு மரங்களை நட்டிருக்கிறார்கள். மே மாதம் பழக் கண்காட்சி நடக்கும்போது நிற்க இடம் இருக்காது. இந்த மழையில் எங்களையும் ஒரு புதுமணத் தம்பதியையும் தவிர யாருமில்லை. அவர்கள் மரம் எதையும் பார்க்கவில்லை.

அத்தைக்கு ஒரு பழக்கம் உண்டு, குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். நல்ல செடியைக் கண்டால் இடது கை தானாக ஒரு கிளையை ஒடிக்கும், வலது கை தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருக்கும். கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம் எதுவும் தப்பியதில்லை. அதனால் பூங்கா முழுக்க அவருடைய இடது பக்கமாகவே நடந்தேன். மரப்பெரணி அருகே ஒரு கணம் பயந்தேன். குடை போல விரிந்த ஓலை, நடுவில் குழந்தையின் மூடிய கை மாதிரி சுருண்ட குருத்து. அத்தை குருத்தைத் தடவினார். விட்டுவிட்டார்.

ருத்ராட்ச மரத்தடியில் ரொம்ப நேரம் நின்றோம். மரம் பெரியது, அடியில் சருகு. அதில் அத்தையின் கண்ணுக்குத்தான் பட்டது, கோலிக்குண்டு அளவில், நம்ப முடியாத நீலத்தில் ஒரு பழம். கழுத்தில் கட்டுகிற கொட்டை இந்தப் பழத்துக்குள் இருப்பதுதான். ருத்ராட்சம் என்றாலே காவியும் பழுப்பும்தான் மனசில் வரும், அது இப்படி மயில் கழுத்து நிறத்தில் தொடங்குகிறது. மயில் என்று சும்மா சொல்லவில்லை. இந்த நீலம் சாயம் இல்லை. மயிலிறகில் நடப்பதுபோலவே தோலின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரிகிற நிறம். அத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சைச் சதை. விரலில் நீலம் ஒட்டவில்லை. அப்புறம் பழத்தைக் கிடந்த இடத்திலேயே வைத்தார்.

திரும்பும் பேருந்தில், தோட்டம் எப்படி என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு. எல்லாத்துக்கும் பேர்ப்பலகை வெச்சிருக்காங்க." கொஞ்சம் கழித்து, "நேத்து போனோமே, அங்க ஒண்ணுக்கும் பேர் இல்ல" என்றார். குறையாகச் சொன்னாரா, பாராட்டாகவா என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை.

நாள் 5

காலையில் கோடநாடு காட்சிமுனைக்கு ஜீப்பில் போனோம். ரங்கசாமி மலை, கீழே மோயாறு, தெங்குமரஹாடா, தூரத்தில் பவானிசாகர் நீர்த்தேக்கம் என்று ஓட்டுநர் ஒவ்வொன்றாகக் கை காட்டினார். அவர் காட்டிய திசையெல்லாம் பஞ்சு மூட்டை பிரித்த மாதிரி மேகம். கால் மணி நேரம் நின்று அதையே போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம். மலைக்கு மழைக்காலத்தில் வருகிறவர்கள் காட்சிமுனைக்குப் போகாமல் தூங்கலாம்.

மிச்ச நேரம் ஊருக்குள்ளேயே. நான்கு நாளாக இந்தத் தெருவில் நடக்கிறோம், இன்றுதான் சரியாகப் பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் தோட்டம் இருக்கிறது. உடைந்த வாளி, பெயின்ட் டப்பா, சமையல் எண்ணெய்த் தகரம் எல்லாவற்றிலும் மண் போட்டு, ஃபூசியா, ஜெரேனியம், டேலியா. யாரும் டிக்கெட் போடவில்லை. எங்கள் வீட்டுச் சுவரோரம் ஒரு ஹைட்ராஞ்சியா, குழந்தையின் தலை அளவு பூக்கொத்துகள், துவைத்த வானம் மாதிரி நீலம்.

அத்தையின் இடது கை அசையவில்லை. நேராக வீட்டுக்கார அம்மாவிடம் போய், "ஒரு குச்சி தருவியாம்மா?" என்று கேட்டார். அவர் கேட்டு வாங்கி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கார அம்மா மூன்று குச்சி வெட்டி, ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தார். "கீழ போனா கலர் மாறிடுங்கம்மா. எங்க தங்கச்சி கொண்டுபோய் வெச்சா, ரோஸாத்தான் பூத்துச்சு."

அது உண்மைதான். மலையில் மழை மண்ணின் சுண்ணாம்புச் சத்தை அரித்துக்கொண்டு போய்விடுவதால் மண் புளிப்பாக இருக்கிறது. புளிப்பு மண்ணில் இருக்கும் அலுமினியத்தை வேர் உறிஞ்சினால்தான் பூ நீலமாகும். சுண்ணாம்பு கலந்த சமவெளி மண்ணில் அதே செடி ரோஸ் நிறத்தில் பூக்கும், அதுவும் அந்த வெயிலில் பிழைத்தால். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அத்தை காதில் வாங்காமல் உள்ளே போய்விட்டார்.

மேட்டுப்பாளையம் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. "டிபன் பாக்ஸ்ல இருக்கிற வர்க்கியைச் சாப்பிட்டு முடி" என்று நீட்டினார். வழியில் சாப்பிடலாமே என்றேன். "இப்பவே முடி." நின்றபடியே ஆறு வர்க்கி சாப்பிட்டேன், தொண்டை அடைத்தது.

காலியானதும் பாக்ஸைக் கழுவித் துடைத்து, வீட்டுக்கார அம்மாவிடம் மறுபடி கேட்டுவிட்டு, ஹைட்ராஞ்சியா அடியில் உட்கார்ந்தார். கரண்டியால் மண்ணை அள்ளி நிரப்பினார். நிரம்பியதும் உள்ளங்கையால் அழுத்தினார், இன்னும் இரண்டு கரண்டி பிடித்தது.

குஞ்சப்பனையில் இறங்கும்போது சோதனைக்கு யாரும் ஏறவில்லை. அத்தை டிபன் பாக்ஸை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மூடியின் ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு ஈரம் கசிந்து அவர் சேலையில் பட்டிருந்தது.